கல்யாணச் செலவா, முதல் வீடா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் ஐந்து பேர் இருப்பார்கள். அங்கே கல்யாணப் பேச்சு எடுத்தாலே, "அப்புறம் எங்க இருப்பீங்க?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். சிறுவாபுரி முருகனிடம் ஆறு செவ்வாய்க்கிழமை போகிறவர்கள் சிலர் கல்யாணம் கேட்பார்கள், சிலர் வீடு கேட்பார்கள். நான் இரண்டையும் சேர்த்துக் கேட்டவள்.

எங்கள் கல்யாணமும், தண்டையார்பேட்டையில் வாங்கிய பழைய ஃபிளாட்டும் அடுத்தடுத்து நடந்தன. மண்டபம், வங்கி, சார்பதிவாளர் அலுவலகம் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கடன் வாங்கலாம். கல்யாணத்துக்குக் கடன் வாங்கினால், வீடு ஐந்து வருஷம் தள்ளிப் போகும். அதற்கான கணக்கு மூன்றாவது படியில் இருக்கிறது.

1. கையில் உள்ள பணம் யாருடையது என்று எழுதுங்கள்

மொத்தம் இவ்வளவு இருக்கிறது என்று ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள்: உங்கள் சேமிப்பு, வருங்காலத் துணையின் சேமிப்பு, பி.எஃப்., நகை, சீட்டு, பெற்றோர் தருவது.

பெற்றோர் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, "கல்யாணத்துக்குன்னு அஞ்சு லட்சம் எடுத்து வச்சிருக்கேன்" என்பார். அதையே வீட்டுக்குக் கேட்டால் முகம் மாறிவிடும். ஊருக்குச் செய்தோம் என்ற திருப்தி அவருக்கு வேண்டும். அந்தப் பணத்தைப் பிடுங்கி வீட்டில் போடப் பார்க்காதீர்கள். "இந்த அஞ்சு லட்சத்துக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடலாம்பா, எங்க காசுல கை வைக்க வேண்டாம்" என்று பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுதான் எடுபட்டது.

பி.எஃப். பணத்தைக் கல்யாணத்துக்கும் எடுக்கலாம், வீட்டுக்கும் எடுக்கலாம். சொந்தக் கல்யாணம் மட்டுமல்ல, உடன்பிறந்தவர் கல்யாணத்துக்கும் எடுக்க வழி உண்டு. எடுப்பதற்கான விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் முடிவெடுத்தார்கள். அதனால் "அஞ்சு வருஷம் ஆகணும், ஏழு வருஷம் ஆகணும்" என்று அலுவலகத்தில் யாராவது சொல்வதை நம்பாமல், பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். தளத்தில் உங்களுக்கு எவ்வளவு தகுதி காட்டுகிறது என்று பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். பெயரும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும். அதை முதலில் சரி செய்யுங்கள். நான் வீட்டுக்கு மட்டும் எடுத்தேன்.

தெருவில் போடும் சீட்டை நம்பி யாருக்கும் முன்பணத் தேதி கொடுக்காதீர்கள். பதிவு செய்த சீட்டு நிறுவனம் என்றாலும், உங்களுக்கு எடுக்க வாய்ப்பு வரும் மாதம் உங்கள் கையில் இல்லை.

மொய்யை வரவில் எழுதவே எழுதாதீர்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். மணமக்களுக்குக் கல்யாணத்தில் வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த ரொக்கத்தை வங்கியில் கட்டினால், கடன் கொடுக்கும் அதிகாரி "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். மொய் நோட்டையும் பத்திரிகையையும் பத்திரமாக வையுங்கள்.

2. வீட்டுக்குக் கைக்காசு எவ்வளவு வேண்டும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "90 சதவீதம் லோன் கிடைக்கும், பத்து சதவீதம் போட்டா போதும்" என்று தரகர் சொல்வார். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். இது உச்சவரம்புதான். பழைய ஃபிளாட்டுக்கு வங்கிகள் அவ்வளவு தூரம் போவதில்லை. அதோடு, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அது முழுக்க உங்கள் காசு.

35 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80 சதவீதம் தருகிறது.

உங்கள் பங்கு: 7 லட்சம்.
முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம்: 3 லட்சத்து 15 ஆயிரம்.
தரகர் கமிஷன் ஒரு சதவீதம் என்றால்: 35 ஆயிரம்.
வங்கியின் செயலாக்கக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர், அடமானப் பத்திரப் பதிவு, பத்திர எழுத்தர்: 50 அல்லது 60 ஆயிரம் ஒதுக்குங்கள்.
பெயின்ட், குழாய், கம்பிக் கதவு, சாமான் ஏற்றி இறக்க: ஒரு லட்சம்.

கூட்டினால் 12 லட்சம் வருகிறது. தரகர் சொன்னது மூன்றரை லட்சம்.

புது ஃபிளாட்டைக் கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கினால் பத்திரச் செலவு குறையும். 50 லட்சம் வரை தீர்வையும் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். ஆனால் கட்டி முடிக்காத வீடு என்றால் ஜி.எஸ்.டி. வரும். 45 லட்சத்துக்குள்ளும் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் பரப்புக்குள்ளும் (வீட்டுச் சுவர்களுக்கு உள்ளே உள்ள தரை அளவு) இருந்தால் 1 சதவீதம், இல்லையென்றால் 5 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை.

இன்னொரு பொறி. விற்பவர் 35 சொல்வார், வங்கி மதிப்பீட்டாளர் 31 என்று எழுதிவிட்டுப் போவார். கடன் 31-ஐ வைத்துத்தான். இடைவெளி முழுவதும் உங்கள் தலையில் விழும். "பத்திரத்துல குறைச்சுக் காட்டிக்கலாம், மீதியைக் கையில கொடுங்க" என்று கேட்கிறவரிடம் நிற்காதீர்கள். சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு. பத்திர மதிப்பு குறைந்தால் உங்கள் கடனும் குறையும்.

3. கல்யாணக் கடன் வீட்டுக் கடனை எப்படித் தின்கிறது

உங்கள் வீட்டில் கையில் வரும் சம்பளம் மாதம் 60 ஆயிரம் என்று வையுங்கள். எல்லாத் தவணைகளும் சேர்ந்து ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல வங்கிகள் பார்க்கும். அதாவது 30 ஆயிரம்.

வேறு கடனே இல்லை என்றால், 8.5 சதவீத வட்டியில், 20 வருஷத்துக்கு, அந்த 30 ஆயிரம் தவணைக்கு சுமார் 34 லட்சம் வீட்டுக் கடன் கிடைக்கும்.

இப்போது கல்யாணத்துக்கு 8 லட்சம் தனிநபர் கடன் வாங்கியிருக்கிறீர்கள். 13 சதவீதம், ஐந்து வருஷம். மாதத் தவணை சுமார் 18,200. மிச்சம் 11,800. அதற்கு வரும் வீட்டுக் கடன் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம்.

எட்டு லட்சம் வாங்கியதில் இருபது லட்சத்துக்கு மேல் வீட்டுக் கடன் தகுதி போய்விட்டது. அந்த எட்டு லட்சத்துக்கு நீங்கள் கட்டி முடிக்கும் தொகை 10 லட்சத்து 90 ஆயிரம் என்பது தனி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அம்மாவிடமும் மாமியாரிடமும் காட்டுங்கள். மணிக்கணக்கில் பேசுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

நகைக் கடனில் மாதத் தவணை இல்லையே என்று நினைக்க வேண்டாம். வங்கியில் வைத்த நகைக் கடனும் சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையில், தெரியும். கிரெடிட் கார்டில் மண்டபக் காசைத் தேய்த்து தவணையாக மாற்றுவதும் அப்படித்தான்.

4. எது முன்னே, எது பின்னே

கல்யாணத் தேதி ஆறு மாதத்துக்குள் என்றால் வீடு தேடாதீர்கள். ஒப்பந்தம் போட்டு, வங்கியும் வக்கீலும் பார்த்து, பத்திரம் பதிவாக இரண்டு மூன்று மாதம் எளிதாக ஓடிவிடும். மண்டபக்காரரும் வீட்டு உரிமையாளரும் ஒரே வாரத்தில் பணம் கேட்கும் நிலைமை வேண்டாம். இரண்டாவது படியில் வந்த தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கல்யாணம். வாடகை வீட்டில் ஒரு வருஷம் இருங்கள்.

தேதி இன்னும் முடிவாகவில்லை, ஒருவர் சம்பளமே வீட்டுக் கடனுக்குப் போதும் என்றால், வீடு முதலில். ஆனால் பத்திரம் பதிந்த பிறகு கணக்கில் ஆறு மாதத் தவணையாவது இருக்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் எல்லோரும் கல்யாணத்தைச் செய்துவிட்டு முழிக்கிறார்கள்.

இருவர் சம்பளமும் சேர்ந்தால்தான் கடன் வரும் என்றால், கல்யாணம் முதலில். நிச்சயமான ஜோடி என்று சொல்லிக் கூட்டுக் கடன் கேட்டால் வங்கிகள் தயங்கும். கணவன் மனைவி என்றால் அந்தப் பேச்சே இல்லை. எங்கள் வழி இதுதான்.

நடுவில் ஒரு ஆசை வரும்: லீஸ் வீடு. "எட்டு லட்சம் கொடுங்க, மூணு வருஷம் வாடகையே இல்ல" என்று ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் நிறைய கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்குச் சேர்த்த முன்பணம் அங்கே போய் மாட்டிக்கொள்கிறது. அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் உரிமையாளர் உங்களுக்குத் திருப்புவார். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால், நோட்டீஸ் வாசலில் ஒட்டுவார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் வில்லங்கம் பாருங்கள், அதாவது அந்தச் சொத்தின் மேல் என்னென்ன விற்பனையும் அடமானமும் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். கையெழுத்துப் போடுகிறவர்தான் உரிமையாளர் என்பதைப் பத்திரத்தை வைத்துச் சரிபாருங்கள். தரகர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்வது கட்டாயம். "அதெல்லாம் எதுக்கு, நூறு ரூபா பேப்பர்ல எழுதிக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. கல்யாணச் செலவை எங்கே பிடிப்பது

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கலாம் என்று போனால் எதுவும் குறையாது. மூன்று இடம்தான்: இலை எண்ணிக்கை, மண்டபம், நகை.

முந்தின நாள் ரிசப்ஷன் சாப்பாடு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று பந்தி. ரிசப்ஷனுக்கு வரும் கூட்டம்தான் பெரியது. நாங்கள் முகூர்த்தத்தைக் கோயிலில் நெருங்கிய சொந்தத்தோடு வைத்துவிட்டு, ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஊரைக் கூப்பிட்டோம். இரண்டு பந்திச் செலவு அப்படியே நின்றது. கோயிலில் கல்யாணம் வைக்க முன்கூட்டியே அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்க வேண்டும். இருவரின் வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

மாநகராட்சியின் சமூக நலக்கூடங்களை முதலில் விசாரியுங்கள். தனியார் மண்டபத்தைவிட வாடகை மிகக் குறைவு. நல்ல முகூர்த்த நாள் என்றால் சீக்கிரம் போய்விடும். தனியார் மண்டபம் என்றால் வாடகையை மட்டும் கேட்டு வராதீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, கரண்ட் மீட்டர் கணக்கா, ஜெனரேட்டர் டீசல் யார் காசு, துப்புரவுக் கட்டணம் எவ்வளவு, வெளி சமையல்காரரை விடுவார்களா, தேதி மாறினால் முன்பணம் திரும்புமா என்று கேளுங்கள். பதிலை ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் பார்த்த ஒரு மண்டபத்தில் வாடகைக்கு மேல் இந்தச் சில்லறையே பாதி வாடகை அளவுக்கு வந்தது. வேறு மண்டபம் பார்த்துக்கொண்டோம். அப்புறம், ஒரு நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது சட்டம். பெரிய தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள்.

பத்திரிகைக்குப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, ஜவுளிக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. இதை வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தி.நகர் போய் வர ஆகும் ஆட்டோ காசும் மிச்சம்.

நகையைப் பற்றிப் பேசினால் சண்டைதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் கடையை விட்டு வெளியே வந்ததும் போன காசு. கல்லும் வேலைப்பாடும் குறைந்த நகையாக வாங்கினால் நாளைக்கு வீட்டுக்கு விற்கும்போது அடி குறைவு.

அரசின் பழைய தாலிக்குத் தங்கம் திட்டத்தை நம்பி இருக்காதீர்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த அந்தத் திருமண உதவி 2022-ல் மாணவிகளின் மேல்படிப்பு உதவியாக மாறிவிட்டது. வீட்டில் யாராவது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலோ அமைப்புசாரா நல வாரியத்திலோ பதிந்திருந்தால் அங்கே திருமண உதவி உண்டு. அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. கல்யாணத்தை உடனே பதிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் 100 ரூபாய். அடுத்த 60 நாளுக்குள் என்றால் 150. அதையும் தாண்டினால் தலைவலி. இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், கல்யாணப் பத்திரிகை, கோயில் அல்லது மண்டப ரசீது, சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றோடு பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் விண்ணப்பித்துவிட்டு நேரில் போக வேண்டும். பெயரின் முதலெழுத்து ஆதாரிலும் பான் அட்டையிலும் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். கூட்டுக் கடனுக்கு இந்தச் சான்றிதழைத்தான் நீட்டப் போகிறீர்கள்.

7. வீடு பார்க்கும்போது: வடசென்னைக்கே உரிய பொறிகள்

முதல் பொறி, வாரிய வீடு. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது பழைய குடிசை மாற்று வாரியம், ஒதுக்கிய வீடுகள் விலை மலிவாக வரும். ஒதுக்கீடு பெற்றவர் பணம் முழுவதும் கட்டி வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் வாங்கியிருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. வெறும் ஒதுக்கீட்டு ஆணையையும் கரண்ட் பில்லையும் காட்டி, முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்து விற்கிறார்கள். அதில் உங்களுக்கு உரிமை எதுவும் வராது. வங்கியும் கடன் தராது. கட்டடம் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்தே விழுந்தது. வீட்டு வசதி வாரிய ஃபிளாட் என்றாலும், வாரியம் முதல் ஒதுக்கீட்டாளருக்கு எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் மூலப் பத்திரமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அடிமனை. பழைய தெருக்களில் வீடு ஒருவருடையது, நிலம் கோயிலுடையது அல்லது அறக்கட்டளையுடையது என்று இருக்கும். "மேல்கட்டடம் மட்டும்" என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காலத்துக்கும் அடிமனை வாடகை கட்டுவீர்கள், விற்பதும் கஷ்டம்.

மூன்றாவது, புறம்போக்கு. கால்வாய் ஓரமும் ரயில் பாதை ஓரமும் கவனம். மாநகரப் பகுதியில் நகர நில அளவைப் பதிவேட்டு நகலை அரசின் இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம். அதில் நிலத்தின் வகை என்ன, யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். சொத்து வரி ரசீது இருக்கிறதே என்பார்கள். வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைக்குச் சான்றாகாது.

நான்காவது, சின்னக் கட்டுநர். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு வேண்டும். இங்கே பலர் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டில் நாலு வீடு ஆறு வீடு கட்டி விற்கிறார்கள். ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர்தான். அதனால் அவர்கள் ரெரா வளையத்துக்குள் வருவதில்லை. அவர்களிடம் அனுமதி வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கட்டடத்தின் முன் நின்று மாடிகளை எண்ணுங்கள். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்றாவது மாடியை விற்கிறவர்கள் உண்டு.

பழைய ஃபிளாட்டில் நிலத்தின் பிரிபடாத பங்கு, அதாவது மொத்த மனையில் அந்த வீட்டுக்குச் சேரும் பாகம், எவ்வளவு என்று பாருங்கள். எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினால் மொத்த மனை அளவு வர வேண்டும். நாங்கள் விரும்பிய முதல் வீட்டில் கூட்டல் மனையைத் தாண்டியது! வக்கீல் சிரித்துவிட்டு பத்திரக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வில்லங்கச் சான்றை டி.என்.ரெஜிநெட்டில் இலவசமாகவே பார்க்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்கள். வீட்டுக்கு மட்டும் பார்த்தால் போதாது, மனைக்கும் பார்க்க வேண்டும். உரிமையாளர் இறந்து பிள்ளைகள் விற்பதென்றால் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும், கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். "அக்கா ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்பது பத்திரமாகாது.

தண்ணீர் பற்றி இரண்டு விஷயம். முடிந்தால் மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒரு தடவை தெருவைப் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எதுவரை தண்ணீர் நின்றது என்று தரைத்தளத்துக்காரரையும் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரையும் கேளுங்கள். விற்பவர் சொல்ல மாட்டார். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, மணலிப் பக்கம் இந்தக் கேள்வி இல்லாமல் வீடு பார்க்கவே கூடாது. கடலோரத் தெரு என்றால் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். மெட்ரோ வாட்டர் குழாயில் எந்த நேரம், எத்தனை குடம் என்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள்.

மெட்ரோ ரயிலைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 முதல் ஓடுகிறது, உண்மைதான். நிலையத்திலிருந்து வீடுவரை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். தரகரின் "அஞ்சு நிமிஷம்" எவ்வளவு தூரம் என்று தெரியும்.

8. முன்பணத்துக்கு முன் வங்கி

பிடித்த வீடு கிடைத்ததும் முன்பணம் கொடுத்துவிட்டு வங்கிக்கு ஓடாதீர்கள். உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே ஒரு கடன் ஒப்புதல் வாங்குங்கள். அது சில மாதங்களே செல்லும். எனவே வீட்டுப் பத்திரக் கட்டு கையில் வரும் நேரம் பார்த்து வாங்குங்கள். ஐந்து வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பித்தால் சிபில் மதிப்பெண் இறங்கும். இரண்டு போதும்.

சம்பளக்காரருக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி அறிக்கை, இரண்டு வருஷ ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்று). சொந்தத் தொழில் என்றால் வருமான வரிக் கணக்கு. மூன்று வருஷத்துக்கு இருந்தால் நல்லது. மூர்மார்க்கெட், பர்மா பஜார் பக்கம் நல்ல வியாபாரம் பண்ணிக்கொண்டு கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் இங்கேதான் நிற்பார்கள். வீட்டுக்கு ஆசைப்படும் வருஷத்துக்கு முன்னாலேயே கணக்குக் காட்டத் தொடங்குங்கள்.

வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்புக்கு. உங்களுக்குத் தனியாக ஒரு வக்கீல் வையுங்கள். அவர் பார்த்துச் சொன்ன பிறகு விற்பனை ஒப்பந்தம். "வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், அல்லது பத்திரத்தில் குறை இருந்தால், முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்பும்" என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள். முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுங்கள்.

நாங்கள் போன ஒரு வங்கியில் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுத் தாள் கேட்டார்கள், ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் ஒப்பந்தத்தில் 90 நாளுக்குக் குறைவாகக் கெடு எழுதாதீர்கள். நடுவில் ஆடியோ மார்கழியோ வந்தால் விற்பவரே பதிவுக்கு வரமாட்டேன் என்பார். அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

9. யார் பேரில் வாங்குவது

கூட்டுக் கடன் என்றால் இருவர் பேரிலும் பத்திரம் வாங்குங்கள். தவணை இருவரும் கட்டி, பேர் ஒருவருடையதாக இருப்பது நியாயமில்லை. வருமான வரிச் சலுகை கேட்கவும் பத்திரத்தில் பேர் வேண்டும். ஆனால் புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. சலுகைக்காகவே வீடு வாங்கச் சொல்லும் நண்பரிடம் அவர் எந்த முறையில் கட்டுகிறார் என்று கேளுங்கள்.

கல்யாணத்துக்கு முன் ஒருவர் பேரில் வாங்கிவிட்டீர்கள் என்றால், பின்னால் தானப் பத்திரம், அதாவது செட்டில்மென்ட் மூலம் மனைவிக்கோ கணவருக்கோ பங்கு எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10 ஆயிரம். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும்.

பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை, ஐந்து தவணையாக வரும். கணவன் மனைவி இருவரில் யார் பேரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. மாமனார் ஊரில் பெண் பேரில் எழுதி வைத்த வீடு இருந்தால் அதோடு போச்சு. இருவர் சம்பளமும் சேர்ந்தால் 9 லட்சத்தைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள்.

10. பதிவு நாளும் அடுத்த வாரங்களும்

பத்திர வரைவை முதல் நாள் இரவு படியுங்கள். பேர், கதவு எண், சர்வே எண், நான்கு எல்லை, பிரிபடாத பங்கு ஆகியவற்றை மூலப் பத்திரத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழைதிருத்தல் பத்திரம் பின்னால் போட வேண்டியிருந்தால் விற்றவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நல்ல முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் தருவார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். சாதாரணப் புதன்கிழமை போதும் என்பது என் கட்சி. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

விற்பவரிடம் அன்றைக்கே வாங்க வேண்டியவை: மூலப் பத்திரங்கள், சொத்து வரி, மெட்ரோ வாட்டர் வரி, மின் கட்டணம் ஆகியவற்றின் கடைசி ரசீது, சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதம், சாவி. வங்கிக்குப் போகும் மூலப் பத்திரங்களுக்குப் பட்டியல் போட்டு, வங்கி முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். 20 வருஷம் கழித்துத் திருப்பிக் கேட்கும்போது அந்தப் பட்டியல்தான் பேசும்.

கிரகப்பிரவேசத்தை இரண்டாவது கல்யாணமாக ஆக்கிவிடாதீர்கள். பால் காய்ச்சி, பத்துப் பேருக்கு டிபன் கொடுத்தால் ஆயிற்று.

ஒரு மாதத்துக்குள் புது வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பேர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாநகராட்சியில் சொத்து வரி, குடிநீர் வாரியம், மின் இணைப்பு என்று பெயர் மாற்றம் செய்யுங்கள். மூன்றுக்கும் பத்திர நகல்தான் அடிப்படை, மூன்றும் வேறு வேறு அலுவலகம். மின் இணைப்புக்குக் காப்புத்தொகை பழையவர் பேரில் இருக்கும், அதற்கு அவருடைய சம்மதக் கடிதம் கேட்கலாம். அதனால் அந்தக் கடிதத்தையும் பதிவு நாளிலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.